அமெரிக்கா என்று சொல்லாமல் விட்ட கதை

சென்ற மாதம், நான் முன்பு வேலை பார்த்த கிளை நூலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெண்மணி பேசினார். ஆங்கில நாவல்களைத் தமிழில் கதையாகச் சொல்லிப் பதிவு செய்து கைப்பேசியில் கேட்கிற மாதிரி போடப் போகிறார்களாம்.

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை சொன்ன கதைய இன்னும் ஆளுங்க பேசிக்கிட்டுதான் இருக்காங்க சார். ஒரு நாளைக்கு வாங்க லா. எப்படி சொல்றதுன்னு எங்களுக்கும் தெரியணும்ல?"

வருகிறேன் என்றேன். கூடவே, கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று முதலில் சொல்லாமல் ஒரு வரிகூடப் பதிவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். "அவ்ளோதானே சார், சின்ன விசயம்," என்று சிரித்தார். சின்ன விஷயம் இல்லை. அதைத் தொலைபேசியில் விளக்க எனக்கு வாய் எழவில்லை. எழுதுவது எளிது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதிய கிராணி. பள்ளி முடித்து, நூலகத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, கோலாலம்பூரில் ஒரு பயிற்சி முடித்து, நூல்களை வகைப்படுத்தக் கற்றுக்கொண்டு திரும்பியபோது என்னைக் கோப்பெங்குக்கும் தாப்பாவுக்கும் நடுவில் ஒரு சின்ன டவுனுக்கு அனுப்பினார்கள். ஊர் பெயர் வேண்டாம். ஒரே வரிசைக் கடைகள், ஒரு தபால் நிலையம், அதை ஒட்டி இரண்டு அறைகளில் நூலகம். டவுனைச் சுற்றி ரப்பர் தோட்டம். பாதி மரத்தை அப்போதே வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு மேலதிகாரி ஈப்போவில் இருந்த புவான் ஜைத்தோன் என்ற மலாய்ப் பெண்மணி. அவர் வரப்போவதாக ஒருநாளும் சொல்லி அனுப்பியதில்லை. பேருந்தில் வந்து இறங்குவார். வாசலில் மற்றவர்களைப் போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, படிக்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரண உறுப்பினர் மாதிரி என்னிடம் வந்து ஏதாவது ஒரு புத்தகம் கேட்பார். நான் தேடி எடுக்கும் விதத்திலேயே நூலகம் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தவறு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் பயமாக இருக்கும்.

சனிக்கிழமைக் கதை என்னுடைய யோசனை. தோட்டத்துச் சனங்களில் பலருக்குத் தமிழ் படிக்க வரும், ஆங்கிலம் வராது. அலமாரியில் பாதிக்கு மேல் ஆங்கிலப் புத்தகம். தூசி படிந்து கிடப்பதை வாயால் சொன்னால் என்ன என்று கேட்டேன். புவான் ஜைத்தோன் சம்மதித்தார். ஆனால் ஒரு விதி போட்டார். முதலில் புத்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்ட வேண்டும், எழுதியவர் பெயரையும் கதை நடக்கும் நாட்டையும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கதை.

நான் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். அந்த வாரத்துக்கான பகுதியை இரண்டு முறை படிப்பேன். முதல் முறை எனக்காக, இரண்டாம் முறை கேட்கப் போகிறவர்களுக்காக. புரியாமல் போகும் பொருள்களுக்கெல்லாம் நம் ஊரில் ஈடு தேடுவேன். பனி கொட்டினால் அதை அடைமழை ஆக்குவேன். குதிரை வண்டியைத் தோட்டத்து வேன் ஆக்குவேன். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்க மாட்டேன், முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய் நாற்காலிகள் கொடுப்பார். கதை முடிந்ததும் கூட்டம் அவர் கடைக்குத்தான் தேத்தண்ணி குடிக்கப் போகும் என்பது அவர் கணக்கு.

இந்த ஈடு தேடுகிற பழக்கத்தில்தான் நான் விழுந்தேன்.

அந்த முறை எடுத்தது ஓர் அமெரிக்க நாவல். அந்த நாட்டில் எல்லாரும் பெரிதாக மதிக்கிற பழைய நாவல். பெரிய நகரத்தில் வளர்ந்த ஒரு பெண், ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு ரயிலில் வந்து இறங்குகிறாள். ஊரில் ஒரே ஒரு தெரு. அவள் மாதா கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு தொடங்குகிறாள். தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் அவளிடம் புத்தகம் வாங்கிப் படிக்கிறான். ஊர் பேசுகிறது. அவள் ஒரு நாள் கணவனை விட்டு ரயில் ஏறுகிறாள். கதை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஊர்க்காரர்களைப் பற்றி அதிகாரம் அதிகாரமாக வருகிறது. யார் யார் வீட்டுத் திரைக்குப் பின்னால் நின்று யாரைப் பார்த்தார்கள், தேநீர் விருந்தில் யார் என்ன சொன்னார்கள் என்று. ஒன்றும் நடக்காத பக்கங்கள் என்று அவற்றை விட்டுவிட்டேன்.

எங்கள் தோட்டத்துச் சிறு மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டவர் தனபாலன். அந்த வேலைக்குத் தோட்டத்தில் டிரெசர் என்று பெயர். டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வருவார், மற்ற நாளெல்லாம் காய்ச்சலும் வெட்டுக்காயமும் பிரசவமும் இவர் கையில்தான். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் மனைவி விஜயா பினாங்கிலிருந்து வந்தவர். தேர்வில் தவறிவிட்டு வீட்டில் இருந்த தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அவர் மாலையில் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்தினார். பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வை மறுபடி எழுத வைப்பதற்காக. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டது தோட்டத்து வேன் ஓட்டிய செல்வம். அவனுக்கும் படிக்கிற ஆசை இருந்தது. விஜயா நூலகத்திலிருந்து எடுத்துப் போகும் புத்தகத்தை அவன் வாங்கிப் படிப்பான்.

இப்போது நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மருந்துக்கடைக்காரரை டிரெசர் ஆக்கினேன். எங்கள் ஊரில் மருந்து கொடுப்பவர் வேறு யார்? பாட்டு வகுப்பை டியூஷன் ஆக்கினேன். மாதா கோயில் கூடம் மண்டபமானது. தந்திக்காரன் என்றால் யாருக்குப் புரியும்? வேன் ஓட்டுகிறவன் ஆக்கினேன். அந்த முதல் சனிக்கிழமை நாற்காலி போடுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டதால் புத்தகத்தைக் காட்டவும் இல்லை, அமெரிக்கா என்று சொல்லவும் இல்லை. நேரே கதைக்குள் போனேன்.

முதல் வாரம் நான் அறியாமல் செய்தேன். இது உண்மை. இரண்டாவது வாரம் அப்படி இல்லை.

அந்த வாரம் விஜயா புத்தகம் திருப்ப வந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்: "இந்த ஊருல பொழுது சாஞ்சா பொம்பளைங்க போறதுக்கு ரெண்டே எடம்தான் சார். ஒண்ணு கோயிலு, இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரு கிளினிக்கு. சாமி வரணும், இல்லாட்டி காச்சல் வரணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சனிக்கிழமை அதை அப்படியே கதாநாயகியின் வாயில் வைத்தேன். அறை அதிர்ந்தது. காரணம், விஜயா இதை ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். முன் வரிசையில் இருந்த, ஊர் வம்பு எதையும் விடாத லெட்சுமி அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். கோயில் தலைவரும் மளிகைக் கடைக்காரருமான முனியாண்டி திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே தன் மாணவிகளோடு விஜயா உட்கார்ந்திருந்தார். அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டேன். கண்டபிறகும் நிறுத்தவில்லை. அவ்வளவு கூட்டம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. ஒரு நூலகக்காரனுக்காக ஒரு டவுனே காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் வேன்காரனும் அவளும் புத்தகம் பற்றிப் பேசிக்கொண்டே ஆற்றங்கரையில் நடக்கும் பகுதி. வாசலில் ஆள் நின்றார்கள். அன்றைக்குப் புவான் ஜைத்தோன் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழில் சாப்பிட்டாச்சா என்பதற்கு மேல் தெரியாது. கதை முடிந்து கூட்டம் போனபின் என்னிடம் மலாயில் கேட்டார்:

"நீலச் சேலை கட்டியிருந்த பெண் யார்?"

"டிரெசரின் மனைவி."

"கதை சொல்கிறவர் நீங்கள். யாரும் உங்களைப் பார்க்கவில்லையே. எல்லாரும் அவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்?"

நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். பிறகு, "இந்தக் கதை எங்கே நடக்கிறது?" என்று கேட்டார்.

"அமெரிக்காவில்."

"அது அவர்களுக்குத் தெரியுமா?"

சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். மறந்துவிட்டேன் என்பது பாதி உண்மை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுங்கள்," என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

மறுநாள் காதர் பாய் கடையில் உட்கார்ந்தபோதுதான் முழுதும் தெரிந்தது.

"உங்க கதைக்கு என் கடையில ரெண்டாம் பாகம் ஓடுது சார்," என்றார் பாய். "அந்தம்மா செல்வத்தோட ஓடப் போறாங்களாம். எந்த பஸ்ஸுன்னுகூட பேசி முடிச்சிட்டானுங்க."

"அது கதை பாய். புத்தகத்தில் உள்ளது."

"எனக்குப் புரியுது. அவனுங்களுக்கு யாரு சொல்றது? வகுப்புக்குப் புள்ளைங்கள அனுப்ப மாட்டேங்குறாங்களாம். அந்தம்மாகிட்டேருந்து மண்டபத்துச் சாவிய வாங்கணும்னு முனியாண்டி கமிட்டியக் கூட்டுறாரு. செல்வத்த வேன்லேருந்து எறக்கியாச்சு, தெரியும்ல?"

தெரியாது. மண்டபம் நிறைய இருந்த வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள்தான் மிச்சம் என்பதும் தெரியாது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சாவி போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் அந்தப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கோ செம்பனைக்கு உரம் போடவோ போவார்கள்.

நான்காவது சனிக்கிழமை புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். இது அமெரிக்கக் கதை, நாம் யாரும் பிறப்பதற்கு முன்னால் எழுதியது, டிரெசர் என்றும் வேன் என்றும் சொன்னது என் கைச்சரக்கு, இங்கே உள்ள யாரைப் பற்றியும் இல்லை என்று சொன்னேன்.

லெட்சுமி அக்கா, "அமெரிக்காவுல ஏது சார் தோட்டத்து மண்டபம்?" என்றார்.

"அதைத்தான் அக்கா சொல்றேன். நான் மாத்திச் சொன்னேன்."

"இப்பதான் மாத்திச் சொல்றீங்க," என்றார் முனியாண்டி. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ஆலாமா! சார பயமுறுத்திட்டாங்க லா! டிரெசரு ஊசிய காட்டியிருப்பாரு!" என்றார்.

சிரிப்பு அடங்கவே இல்லை. நான் மறுக்க மறுக்க அது கூடியது. உண்மை என்பதால்தான் சார் பின்வாங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்து ஒட்டினால் அது ஒட்டாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்போது விஜயா எழுந்து முன்னால் வந்தார். "சார், அந்தப் புஸ்தகத்தக் குடுங்க," என்றார். கொடுத்தேன். உறுப்பினர் அட்டையை நீட்டினார். தேதி முத்திரை கோணலாக விழுந்தது. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஊரை விட்டே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து, நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். அந்த வாரம் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. அவர் கணவர் தனபாலன் வேலை உடையோடு வந்து சுவர் ஓரமாக நின்றார்.

"கடைசிப் பகுதிய நான் சொல்றேன்," என்று ஆரம்பித்தார் விஜயா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. சார் பாதிப் புஸ்தகத்த உங்களுக்குச் சொல்லவே இல்ல. நல்ல பகுதியெல்லாம் விட்டுட்டாரு. அந்தப் பொண்ண மட்டும் சொன்னாரு. ஊர விட்டுட்டாரு. நான் ஊரச் சொல்றேன்."

சொன்னார். ஊரில் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர். அவரே மாதா கோயில் கமிட்டிக்கும் தலைவர். கூடத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். மாவு நிறுக்கும்போது ஒரு கண் தராசில், ஒரு கண் தெருவில். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது மாவோடு சேர்ந்து பொட்டலமாகும்.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. முனியாண்டி நாற்காலியில் நெளிந்தார். வழக்கம்போல முதலில் சிரித்தது லெட்சுமி அக்காதான்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார் முனியாண்டி.

"நீங்கதானே அண்ணே மண்டபத்துச் சாவிய கேக்குறீங்க," என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"ஏய்! அது வெள்ளக்காரன் லா! அமெரிக்கா! அந்தம்மாதான் சொல்லுதுல்ல, புஸ்தகத்துல உள்ளதுன்னு!"

விஜயா புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணும் அமெரிக்காக்காரிதானே அண்ணே?"

முனியாண்டி சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா," என்றார் கடைசியில். "அவளும் அமெரிக்காதான்."

"சரி, அப்ப தேத்தண்ணி விருந்துல உக்காந்து ஊர் வம்பு பேசுற அம்மா ஒருத்தங்க வாராங்க. அவங்களையும் சொல்லவா?"

"வேணாம் தாயி, நீ கதைய முடி," என்றார் லெட்சுமி அக்கா. இந்த முறை எழுந்த சிரிப்பு வேறு சிரிப்பு.

கதாநாயகி நகரத்தில் ஒரு வேலை பார்த்து, தனியாக இருந்து, ஒருநாள் தானே யோசித்துத் திரும்பி வருகிறாள் என்று விஜயா முடித்தார். புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர் சேர்க்கவில்லை. பிறகு நான் சரிபார்த்தேன். கடைக்காரரும் சாவியும் தராசும் நான் தாண்டிப் போன பக்கங்களில் அப்படியே இருந்தன. ஊரைப் பற்றிய நாவலில் ஊரை எடுத்துவிட்டு ஒரு பெண்ணை மட்டும் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அவள்மேல் கல் விழாமல் என்ன செய்யும்?

அதன்பின் மண்டபத்துச் சாவியை விஜயாவிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை, பாதிக்கு மேல். செல்வத்துக்கு மட்டும் வேன் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் கமுந்திங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். பிற்காலத்தில் நல்ல நிலைக்கு வந்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் நன்றாக இருப்பது அவன் உழைப்பு. அதில் எனக்கு ஆறுதல் தேட உரிமை இல்லை.

விஜயா கதையை முடித்த அந்த வாரமே தனபாலன் நூலகத்துக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"விடுங்க சார். எல்லாரு முன்னாலயும் எழுந்து சொன்னீங்களே, அதுவே பெருசு. நீங்க தெரியாம செஞ்சது. எனக்குத் தெரியாதா?"

தெரியாமல் செய்யவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. "ஆமாங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த மிகக் கேவலமான காரியம் கதையில் இல்லை, அந்த 'ஆமாங்க'வில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை சனிக்கிழமைக் கதை சொன்னேன். நாட்டைச் சொல்லி, ஊரைச் சொல்லி, சலிப்பான பக்கத்தையும் சொல்லி. கூட்டம் குறைந்தது. அதுவும் நல்லதற்குத்தான்.

நூலகத்திலிருந்து அழைப்பு வந்த மறு வாரம் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண்ணின் தாய் அந்தக் கோயில் மண்டபத்து வகுப்பில் படித்துத் தேர்வு எழுதித் தாதியானவர். விஜயா வந்திருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. தனபாலன் போன வருடம் இறந்துவிட்ட செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதை விசாரித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"விஜயாம்மா, அந்தக் கதை. நான் தெரியாம செய்யல. ரெண்டாவது வாரமே தெரியும். நீங்க குனிஞ்சு உக்காந்தத பாத்துட்டுத்தான் சொன்னேன். கூட்டம் வந்துச்சு, அதுக்காக. டிரெசர்கிட்ட பொய் சொன்னேன்."

அவர் மணமேடையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். நான் உங்ககிட்ட சொன்ன வார்த்தைய எனக்கே திருப்பிச் சொல்றீங்க, தெரியாதா? வீட்டுக்குப் போயி அவருகிட்ட சொன்னேன், 'அந்த மனுசன் வேணும்னேதான் சொல்றாரு'ன்னு. அவரு ஒத்துக்கல. 'படிச்சவரு, அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு, நீ தப்பா நெனைக்கிற'ன்னாரு. அன்னிக்குப் புடிச்ச சண்ட. உங்க பேரு வந்தா போதும், வீட்டுல ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதுகூட, 'போயி அவரப் பாத்துப் பேசு, நல்ல மனுசன்'னாரு."

என்னால் நிமிர முடியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைக்கும்போதே அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போன உடனே அவரு படத்துக்கு வெளக்கேத்தி சொல்லப் போறேன். 'கேட்டீங்களா, அவரே வாயால சொல்லிட்டாரு, நான்தான் ஜெயிச்சேன்'னு. எத்தன வருசத்துச் சண்ட சார்! இத முன்னாடியே வந்து சொல்லியிருந்தா அவரு மூஞ்சிய பாத்திருக்கலாம்ல?"

பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து அழைத்தார்கள். "எந்திரிங்க, எந்திரிங்க," என்று என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.